டப்பாவில் என்ன ஊற்றினார்கள்? தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் தேடும்போது

தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் தேடுவதில் நடக்கும் மிகப் பெரிய தவறு ஐந்து நிமிடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. கரு கலைந்து, கருப்பையைச் சுத்தம் செய்து எடுத்த திசுவை ஒரு டப்பாவில் போடுகிறார்கள். வழக்கப்படி அதில், திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றுகிறார்கள். அதோடு திசுவில் உயிரோடிருந்த செல்கள் செத்துவிடும். அவற்றை வளர்த்துக் குரோமோசோமை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். சில நாள் கழித்து வரும் அறிக்கையில் "கர்ப்பத் திசுக்கள் காணப்படுகின்றன" என்று ஒரு வரி இருக்கும். கர்ப்பம் இருந்தது என்பது அதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது முறையும் கரு கலைகிறது என்று தெரிந்தால், அறுவை அறைக்குள் போகும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டும்: திசுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கு ஃபார்மலினில், நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு. இன்னொரு பங்கு கிருமி நீக்கிய டப்பாவில் நார்மல் சலைன் (உப்பு நீர்) ஊற்றி, மரபணு ஆய்வகத்துக்கு. வீட்டிலேயே வெளியேறிவிட்டால், மூடியுள்ள சுத்தமான டப்பாவில் சலைனில் இட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, அன்றோ மறுநாளோ கொடுத்துவிட வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் உறைந்து செல்கள் உடையும். இதையெல்லாம் அந்த நேரத்தில் யோசிக்க யாருக்கும் மனம் வராது. அதனால்தான் கூட இருப்பவர் ஒருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வு இரண்டு வகை. பழைய முறையில் செல்களை வளர்த்து, குரோமோசோம்களைப் படம் பிடித்து எண்ணுவார்கள். இதில் இரண்டு சிக்கல்கள். செல் வளராமலே போகலாம். அல்லது திசுவோடு ஒட்டிவந்த தாயின் செல்கள் கருவின் செல்களை முந்திக்கொண்டு வளர்ந்துவிடலாம். அப்போது "46 எக்ஸ் எக்ஸ், இயல்பு" என்று முடிவு வரும். பெண் கரு, குறை ஒன்றும் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் எண்ணப்பட்டது தாயின் குரோமோசோம். ஆகவே இந்த முடிவு வந்தால், தாயின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று ஆய்வகத்தைக் கேட்க வேண்டும். மைக்ரோஅரே என்ற புதிய முறைக்கு உயிருள்ள செல் தேவையில்லை. ஃபார்மலினில் போட்டு மெழுகுக் கட்டியாக்கிய பழைய திசுவிலும் சில சமயம் விடை கிடைக்கும், ஆனால் தரம் குறைவு.

இந்த ஒரு பரிசோதனைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் எண்ணிக்கை தவறிப்போனவை. 16ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது, ஒரே ஒரு எக்ஸ் மட்டும் இருப்பது, மொத்தத் தொகுதியும் மும்மடங்காவது ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. கருமுட்டை உருவாகும் கட்டத்தில் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அந்தக் கருவை எந்த மாத்திரையும், எந்த ஊசியும், எத்தனை நாள் படுக்கையும் காப்பாற்றியிருக்காது. முடிவு அப்படி வந்தால் அந்த இழப்புக்கு விளக்கம் கிடைத்துவிட்டது, தாயின் உடலில் கோளாறு தேடும் அவசியம் குறைகிறது. குரோமோசோம் சரியாக இருந்தும் கரு கலைந்தது என்றால், அப்போதுதான் தாய் பக்கத்துக் காரணங்களை மும்முரமாகத் தேட வேண்டும். தேடலின் திசையையே மாற்றிவிடும் பரிசோதனை இது.

எத்தனை முறை நடந்தால் "தொடர்"?

மூன்று இழப்பு என்பது பழைய வரையறை. ஐரோப்பிய, அமெரிக்கக் கருவுறுதல் மருத்துவ அமைப்புகள் இப்போது இரண்டு என்கின்றன. அந்த இரண்டும் அடுத்தடுத்து வந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. நடுவில் ஒரு குழந்தை பிறந்திருந்தாலும் கணக்கில் சேரும்.

உறுதியான கர்ப்பங்களில் சுமார் 15 சதவீதம் கலைகின்றன. கருச்சிதைவு வெறும் தற்செயல் என்று வைத்துக்கொண்டால், ஒரே பெண்ணுக்கு அடுத்தடுத்து மூன்று முறை நடக்கும் வாய்ப்பு 0.15ஐ மூன்று முறை பெருக்கிய தொகை, அதாவது 0.34 சதவீதம். உண்மையில் காணப்படுவது சுமார் 1 சதவீதம். தற்செயலுக்கு மேலே ஏதோ இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. கூடவே, மூன்று முறை இழந்தவர்களில் ஒரு கணிசமான பங்கினருக்கு நிரந்தரக் கோளாறு எதுவுமே இல்லை என்பதும் தெரிகிறது. எல்லாப் பரிசோதனையும் செய்துபார்த்தும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் அகப்படாமல் போவதன் ஒரு பகுதி விளக்கம் இதுவே.

வயதை இந்தக் கணக்கில் சேர்க்காவிட்டால் எல்லாம் தவறிப்போகும். டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2000இல் வெளியான பெரிய ஆய்வில், 20களில் 11, 12 சதவீதமாக இருந்த இழப்பு 35 முதல் 39 வயதுக்குள் 25 சதவீதமாகவும், 40 முதல் 44க்குள் 51 சதவீதமாகவும் ஏறியது. 42 வயதில் மூன்று இழப்பு, 26 வயதில் மூன்று இழப்பு இரண்டும் ஒரே நோய் அல்ல. முதலாமவருக்கு முட்டையின் வயதே பெரும்பாலும் காரணம். இரண்டாமவரிடம் வேறு காரணம் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

முதல் ஆலோசனைக்குப் போகும்போது, ஒவ்வொரு இழப்பும் எத்தனையாவது வாரத்தில், ஸ்கேனில் கடைசியாக என்ன தெரிந்தது, துடிப்பு வந்திருந்ததா, கருவின் நீளம் எத்தனை மில்லிமீட்டர், வலியோடு வந்ததா வலியில்லாமலா, எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோவது பத்து ரத்தப் பரிசோதனைக்குச் சமம். கடைசி மாதவிலக்குத் தேதிப்படி 11 வாரம் என்றாலும், கரு 6 வார அளவிலேயே நின்றிருந்தால் அது 6 வார இழப்புதான். காரணங்கள் வாரத்தைப் பொறுத்து மாறும். 8 வாரத்துக்குள் நின்றவற்றில் குரோமோசோம் முன்னால் நிற்கும். 10 வாரத்துக்குப் பிறகு, நல்ல வடிவோடு வளர்ந்து துடிப்பு நின்ற கரு என்றால் ரத்தம் உறைதல் சார்ந்த எதிர்ப்புரதங்கள் முதல் சந்தேகம். 16, 18 வாரத்தில் வலியே இல்லாமல் வாய் திறந்து வந்தது என்றால் கருப்பை வாய்.

பெற்றோரின் குரோமோசோம்

தொடர் இழப்புள்ள தம்பதிகளில் 2 முதல் 5 சதவீதம் பேரில், இருவரில் ஒருவருக்குச் சமநிலை இடமாற்றம் இருக்கும். ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றில் ஒட்டியிருக்கும். மொத்தச் சரக்கு குறையாததால் அவருக்கு எந்த நோயும் இருக்காது. ஆனால் முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒரு துண்டு கூடியோ குறைந்தோ போய்விடும். இதற்கான பரிசோதனை, இருவரின் குரோமோசோம்களையும் படம் பிடித்துப் பார்க்கும் கேரியோடைப்; ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் எடுத்த ரத்தத்தில் செய்வது. முதலில் கருத் திசுவைப் பார்த்து, அதில் துண்டு கூடிக்குறைந்த வகைக் கோளாறு தெரிந்தாலோ திசு முடிவே கிடைக்காமல் போனாலோ பெற்றோரைப் பார்ப்பது சிக்கனமான வழி.

இடமாற்றம் இருப்பதாகத் தெரிந்தாலும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்கு ஓட வேண்டியதில்லை. இயற்கையாகக் கருத்தரித்து முயலும் இத்தகைய தம்பதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நல்ல குழந்தையைப் பெறுகிறார்கள். கருவை வெளியே வளர்த்துச் சோதித்துப் பொருத்தும் முறை இழப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். இறுதியில் குழந்தை கிடைக்கும் வாய்ப்பு அதனால் பெரிதாகக் கூடுவதாகத் தெளிவான சான்று இல்லை. 39 வயதுப் பெண்ணுக்கும் 27 வயதுப் பெண்ணுக்கும் இதில் பதில் வேறு. மரபணு ஆலோசகரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

மருந்துக்குக் கட்டுப்படும் காரணம்

மருந்தால் பலன் கிடைக்கும் காரணங்களில் முதலிடம், உடலின் எதிர்ப்புரதங்களே ரத்தம் உறைதலைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிபிட் நோய்க்கூட்டுக்கு. மூன்று எதிர்ப்புரதங்களைத் தேட வேண்டும்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், ஆன்டி பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன் 1. பின்னிரண்டிலும் ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டு வகையும் பார்க்க வேண்டும். முதலாவதன் பெயர் குழப்பம் தரும். லூபஸ் நோய் இல்லாதவர்களுக்கும் வரும். சோதனைக் குழாயில் ரத்தம் உறைவதைத் தாமதமாக்கும், உடலுக்குள் உறைதலைத் தூண்டும். நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்களை அடைப்பது மட்டுமல்ல, கரு கருப்பைச் சுவரில் பதியும் செல்களையே இவை நேரடியாகத் தாக்குகின்றன.

தவறுகள் அதிகம் நடப்பதும் இங்கேதான். ஒரே ஒரு முறை லேசாக ஏறியிருந்த ஆன்டிகார்டியோலிபினை வைத்து ஒருவரை ஆயுள் நோயாளி ஆக்கிவிடுகிறார்கள். சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகுகூட அது சில வாரம் ஏறி இறங்கும். விதி என்னவென்றால், நடுத்தர அல்லது உயர் அளவில், அதாவது 40 அலகுக்கு மேலோ ஆய்வகத்தின் 99ஆம் சதமானத்துக்கு மேலோ இருக்க வேண்டும். குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டு முறை இருக்க வேண்டும். முதல் ரத்தத்தைக் கரு கலைந்து 6 வாரமாவது கழித்து எடுப்பது நல்லது. ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பார்த்தால் பொய் முடிவு வரும். நீலமூடிச் சிட்ரேட் குழாயில் குறிக்கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டாலும், பிளாஸ்மாவில் தட்டணுக்கள் மிச்சம் இருந்தாலும் முடிவு கெடும். அதனால் மாதிரியை இரண்டு முறை சுழற்றிப் பிரிக்கும் ஆய்வகமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

உறுதியானால் சிகிச்சை: கருத்தரிக்க முயலும் காலத்திலிருந்தே ஆஸ்பிரின் தினமும் 75 முதல் 100 மில்லிகிராம். சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து ஹெப்பாரின். 1997இல் வெளியான ஒரு ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும், ஆஸ்பிரினோடு ஹெப்பாரினும் எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. அப்போது கொடுத்தது சாதாரண ஹெப்பாரின், 5000 அலகு, நாளைக்கு இருமுறை. இப்போது பெரும்பாலும் குறைமூலக்கூறு ஹெப்பாரின், எனாக்சபாரின் என்றால் வழக்கமாக நாளைக்கு 40 மில்லிகிராம். 50 கிலோவுக்குக் கீழோ 90 கிலோவுக்கு மேலோ எடை இருந்தால் அளவு மாறும். ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது. வார்ஃபரின் தாண்டும், ஊனத்தை உண்டாக்கும். ஏற்கெனவே வார்ஃபரின் சாப்பிடும் பெண் கர்ப்பம் தெரிந்த உடனே மருத்துவரிடம் போய் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஊசியைப் பல மாதம் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால் கைப்பழக்கம் முக்கியம். தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில், தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக முழுவதும் இறக்க வேண்டும். முன்பே நிரப்பிய சிரிஞ்சில் தெரியும் காற்றுக்குமிழை வெளியேற்றக் கூடாது. மருந்து முழுதும் உள்ளே போக அது உதவும், வெளியேற்றினால் மருந்தும் கொஞ்சம் சிந்தும். மருந்து இறங்கி முடியும் வரை மடிப்பை விடக் கூடாது. பிறகு அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கன்றிப்போகும். ஒருநாள் வலம், மறுநாள் இடம். தேய்க்காமலே நீலம் பாய்ந்தாலும் அது குழந்தைக்குக் கெடுதல் இல்லை. சாதாரண ஹெப்பாரின் என்றால் முதல் இரண்டு வாரத்தில் தட்டணுக்கள் குறைகின்றனவா என்று பார்ப்பார்கள். பிரசவத்தில் முதுகுத்தண்டு மயக்க ஊசி போட வேண்டுமானால் கடைசித் தடுப்பு அளவு ஊசிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் கடந்திருக்க வேண்டும். வலி எடுத்தால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்குப் போவது என்பதைக் குடும்பத்தார் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இந்தப் பலனைப் பார்த்துவிட்டு, எதிர்ப்புரதம் இல்லாதவர்களுக்கும் இதே ஊசியை எழுதும் வழக்கம் பரவியது. அது பலிக்கவில்லை. காரணம் தெரியாத தொடர் இழப்பில் ஆஸ்பிரினும், ஆஸ்பிரினோடு ஹெப்பாரினும் போலிமருந்தைவிட மேலாக இல்லை என்று 2010இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. பிறவியிலேயே ரத்தம் உறையும் தன்மை கூடியவர்களிடம் நடத்தி 2023இல் வெளியான தொடராய்வில், ஊசி போட்டவர்களில் 72 சதவீதமும் போடாதவர்களில் 71 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். ஒன்பது மாதம் தினமும் குத்திக்கொண்டதில் கிடைத்த வேறுபாடு ஒன்று. ஃபேக்டர் ஐந்து லைடன், புரோட்டீன் எஸ், எம்டிஎச்எஃப்ஆர் என்று நீளும் உறைதல் பரிசோதனைப் பட்டியலைத் தனக்கோ நெருங்கிய உறவினருக்கோ ரத்தக்கட்டி வந்த வரலாறு இல்லாதவர்களுக்குச் செய்வதில் பயனில்லை. புரோட்டீன் எஸ் கர்ப்பத்தில் இயல்பாகவே குறையும். அந்த நேரத்தில் அளந்து குறைவு என்று எழுதுவது, இல்லாத நோயை உண்டாக்குவது.

கருப்பை

கருப்பையின் உள்ளே நடுச்சுவர் இருப்பதற்கும், கருப்பையே மேலே இரண்டாகப் பிளந்திருப்பதற்கும் சாதாரணச் சாயப் படத்தில் வித்தியாசம் தெரியாது. அது உள்ளறையை மட்டுமே காட்டும். வெளி வரம்பு நேராக இருக்கிறதா, உள்வாங்கியிருக்கிறதா என்பதை முப்பரிமாண ஸ்கேன் காட்டும். நடுச்சுவரானால் உள்நோக்கி வழியாக வெட்டலாம், பிளந்த கருப்பையானால் அறுவை செய்யக் கூடாது. தவறாகக் கணித்து வெட்டினால் கருப்பையில் ஓட்டை விழும்.

நடுச்சுவரை வெட்டுவதும் முன்பு நினைத்த அளவு நிச்சயமான வைத்தியம் அல்ல. 2021இல் வெளியான சிறிய பன்னாட்டு ஆய்வில் வெட்டியவர்களில் 31 சதவீதமும் வெட்டாதவர்களில் 35 சதவீதமும் குழந்தை பெற்றனர். சுமார் 80 பேர் மட்டுமே கலந்துகொண்ட ஆய்வு என்பதால் கடைசி வார்த்தை அல்ல. இருந்தாலும் "சுவர் இருக்கிறது, நாளைக்கே வெட்டலாம்" என்பதற்கு அவசரப்படத் தேவையில்லை.

கருப்பைக்குள் உண்டாகும் ஒட்டுத்தழும்பு வேறு கதை, அது பெரும்பாலும் சிகிச்சையிலிருந்தே வருவது. கூரான கரண்டியால் திரும்பத் திரும்பச் சுரண்டிய கருப்பையின் எதிரெதிர்ச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்த பிறகு மாதவிலக்கு முன்பைவிடக் கணிசமாகக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். அடுத்த முறை கரு கலைந்தால் உறிஞ்சியெடுக்கும் முறையையோ மருந்து முறையையோ கேட்கலாம். மருந்து முறை என்றால் மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம், மருத்துவக் கண்காணிப்பில்.

கருப்பைத் தசைக்கட்டிகளான ஃபைப்ராய்டுகளில் உள்ளறைக்குள் புடைத்திருப்பவை மட்டுமே இங்கே கவனிக்கத் தக்கவை. தசைக்குள்ளோ வெளிப்புறமோ இருப்பவற்றை இதற்காக எடுக்க வேண்டாம்.

கருப்பை வாய்த் தையல் இரண்டாம் மூன்று மாதத்தில் நேர்ந்த இழப்புக்கு உரியது. 7, 8 வாரத்தில் கலைந்தவர்களுக்கு அது எந்த விதத்திலும் உதவாது. ஆனாலும் "பிடிமானத்துக்கு" என்று போடப்படுவது உண்டு. முன்பு வலியின்றி வாய் திறந்து இழந்த வரலாறு தெளிவாக இருந்தால் 12 முதல் 14 வாரத்துக்குள் தையல் போடுவார்கள். வரலாறு அவ்வளவு தெளிவாக இல்லையென்றால் 16 வாரத்திலிருந்து உள்வழி ஸ்கேனில் வாயின் நீளத்தை அளந்துகொண்டே வந்து, 24 வாரத்துக்குள் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் போடலாம். 36, 37 வாரத்தில் பிரிப்பார்கள்.

தைராய்டு, சர்க்கரை, புரோலாக்டின்

தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையை எல்லோருக்கும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவு உறுதியாக இருந்தால் மாத்திரை அவசியம், டிஎஸ்எச் 2.5க்குக் கீழ் வந்த பின் கருத்தரிப்பது நல்லது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் கர்ப்பம் உறுதியான அன்றே வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாக எடுக்கத் தொடங்கலாம் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது, அடுத்த சந்திப்பு வரை காத்திருந்தால் முக்கியமான வாரங்கள் போய்விடும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடலில் சேராது. "மருந்து எடுத்தும் ஏறுகிறதே" என்பதற்குப் பாதி நேரம் இதுவே விடை. டிஎஸ்எச் சரியாக இருந்து தைராய்டு எதிர்ப்புரதம் மட்டும் இருந்தால்? 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் 37.4 சதவீதம், போலிமருந்து எடுத்தவர்களில் 37.9 சதவீதம் குழந்தை பெற்றனர். ஆகவே வேண்டாம். கர்ப்பம் வந்தால் டிஎஸ்எச்சைத் தவறாமல் பார்த்துவந்தால் போதும்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் இழப்புக்குக் காரணம் ஆகாது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6.5க்குக் கீழே கொண்டுவந்த பின் முயல வேண்டும். பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டினைப் பார்ப்பது மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு. எடை இரண்டு ஓரமும் ஆபத்து, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 19க்குக் கீழும் 30க்கு மேலும். புகை வேண்டாம், அது கணவருக்கும் பொருந்தும். விந்தணுவின் டிஎன்ஏ சிதைவு தொடர் இழப்புள்ள தம்பதிகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆவதால், பழக்கத்தை மாற்றி மூன்று மாதமாவது கழித்துத்தான் பலனை எதிர்பார்க்க முடியும்.

புரோஜெஸ்ட்டிரோன்: யாருக்கு, எப்போது

கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான இது பலருக்கும் வழக்கமாக எழுதப்படும் மருந்து, ஆனால் சான்று ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு மட்டும்தான். 2015இல் வெளியான ஆய்வில், காரணம் தெரியாத தொடர் இழப்புள்ள 836 பெண்களில் ஒரு பிரிவினருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே 400 மில்லிகிராம் தினம் இருமுறையும், மற்றப் பிரிவினருக்குப் போலிமருந்தும் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 65.8 சதவீதமும் போலிமருந்து எடுத்தவர்களில் 63.3 சதவீதமும் குழந்தை பெற்றனர், புள்ளியியல் ரீதியாக வேறுபாடு இல்லை. 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரத்தம் பட்ட 4153 பெண்களிடம் நடந்தது. மொத்தத்தில் சிறு வேறுபாடுதான். ஆனால் முன்பு மூன்றோ அதற்கு மேலோ இழந்தவர்களைத் தனியே பார்த்தால் மருந்து எடுத்தவர்களில் 72, எடுக்காதவர்களில் 57 சதவீதம் பேர் குழந்தை பெற்றனர். எனவே முன்பு கருச்சிதைவு நேர்ந்து, இப்போது ரத்தம் படும், ஸ்கேனில் கர்ப்பம் கருப்பைக்குள் இருப்பது தெரிந்த பெண்ணுக்கு 400 மில்லிகிராம் நுண்ணாக்கிய புரோஜெஸ்ட்டிரோனைப் பிறப்புறுப்பு வழியே தினம் இருமுறை கொடுத்து, துடிப்பு உறுதியானால் 16 வாரம் முடியும் வரை தொடர்வது இன்றைய பிரிட்டன் வழிகாட்டுதல்.

இந்த வழியில் வைக்கும்போது மருந்து கருப்பையில்தான் செறிந்து சேரும். ரத்தத்தில் அளவு குறைவாகத் தெரிந்தால் பயந்து ஊசிக்கு மாற வேண்டியதில்லை. இன்னொன்று: கரு நின்றுபோன பிறகும் இந்த மருந்து வெளியேற்றத்தைத் தள்ளிப்போடும். ரத்தம் நின்றுவிட்டது என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் ஸ்கேனைத்தான் நம்ப வேண்டும்.

பணமும் ரத்தமும் வீணாகும் இடங்கள்

டார்ச் பரிசோதனை முதலிடம். டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பீஸ் ஆகியவற்றின் எதிர்ப்புரதத்தைத் தேடுவது. இவை ஒரு கர்ப்பத்தைக் கெடுக்கலாம், அடுத்தடுத்துக் கெடுப்பதில்லை. ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்துபோனது, அவ்வளவுதான். அதற்கு மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதற்கு அடிப்படை எதுவும் இல்லை. ருபெல்லா எதிர்ப்பு இல்லையென்று தெரிந்தால் மட்டும் கர்ப்பத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், அது ஒன்றே இதில் உள்ள லாபம்.

ஆர்எச் நெகட்டிவ் ரத்தம் முதல் மூன்று மாதத் தொடர் இழப்புக்குக் காரணம் அல்ல. ஆன்டி டி ஊசி அடுத்த குழந்தையின் ரத்தச் சிதைவைத் தடுக்கப் போடப்படுவது. தேவைப்படும் இழப்புகளில் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

இயற்கைக் கொலையாளிச் செல்கள் (ஒரு வகை நோய் எதிர்ப்புச் செல்கள்) என்ற பெயரே பாதி வியாபாரத்தைச் செய்துவிடுகிறது. கருப்பையில் இருக்கும் அந்தச் செல்கள் யாரையும் கொல்வதில்லை, நஞ்சுக்கொடிக்கான ரத்தக்குழாய்கள் அமைய உதவுகின்றன. கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் அளப்பது வேறு வகைச் செல்களை. இவற்றை அடக்க என்று கொடுக்கும் இன்ட்ராலிபிட் என்ற கொழுப்புக் கரைசல் சொட்டு, ஸ்டீராய்டு மாத்திரை இரண்டுக்கும் வழக்கமாகக் கொடுக்கப் போதிய சான்று இல்லை. கணவரின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஊசியாகப் போடும் சிகிச்சையோ, 1999இல் வெளியான ஆய்வில், அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு இழப்பைக் கூடுதலாக்கியது. எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் ஊசி, மாதக்கணக்கில் படுக்கை, மாடிப்படி ஏறத் தடை ஆகிய எதற்கும் பலன் காட்டப்படவில்லை. நெடுநாள் படுக்கை காலில் ரத்தக்கட்டியைத்தான் வரவழைக்கும்.

எந்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் கொடுத்தாலும், "இது பாசிட்டிவ் என்றால் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்கலாம். பதில் வந்தால் செய்துகொள்ளுங்கள்.

அடுத்த கர்ப்பம்

ஆறு மாதம் காத்திருந்தே ஆக வேண்டும் என்ற பழைய விதிக்கு இப்போது வலுவில்லை. ஒரு மாதவிலக்கு வந்து, மனமும் தயாராக இருந்தால் முயலலாம். ஆன்டிபாஸ்போலிபிட் முடிவுக்குக் காத்திருப்பவர்கள் அந்த 12 வாரத்தைப் பொறுத்துக்கொள்வது நல்லது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம். சர்க்கரை நோய் இருந்தால், அல்லது பிஎம்ஐ 30க்கு மேல் என்றால் 5 மில்லிகிராம். இது கருச்சிதைவைத் தடுக்காது, குழந்தையின் தண்டுவடக் குறையைத் தடுக்கும்.

காரணம் தெரியவில்லை என்ற அறிக்கையோடு வீடு திரும்பும் தம்பதிக்கு அது தோல்விச் சீட்டு போலத் தோன்றும். ஆனால் இருப்பதிலேயே நல்ல எதிர்காலம் அந்தக் கூட்டத்துக்குத்தான். எந்த மருந்தும் இல்லாமல், தொடக்க வாரங்களில் அடிக்கடி பார்த்துக் கவனித்துக்கொண்ட பெண்களில் சுமார் 75 சதவீதம் பேர் அடுத்த கர்ப்பத்தில் குழந்தை பெற்றதாக 1999இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வயது கூடக்கூட, இழப்புகளின் எண்ணிக்கை ஏற ஏற, இது குறையும்.

ஸ்கேனை எப்போது தொடங்குவது என்பதில் பொறுமை வேண்டும். 5 வாரத்தில் எடுத்தால் பை மட்டும் தெரியும், துடிப்பு தெரியாது, ஒரு வாரம் தூக்கம் போகும். 6 வாரத்தின் கடைசியிலோ 7 வாரத்திலோ முதல் ஸ்கேன், பிறகு ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முன்பு இழந்த வாரத்தைத் தாண்டும் வரை. கரு நின்றுவிட்டது என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது: உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லாதிருக்க வேண்டும், அல்லது பையின் சராசரி அகலம் 25 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் கரு தெரியாதிருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் 7 நாளாவது கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில் மிசோப்ரோஸ்டால் போட்டுக்கொள்ள யாரும் வற்புறுத்தினால் மறுக்கலாம். ஒரு நாப்கினை நனைக்கும் அளவு ரத்தம் மணிக்கணக்கில் தொடர்ந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வலித்தாலோ, தோள்பட்டையில் வலி எடுத்து மயக்கம் வந்தாலோ அது காத்திருக்கும் வாரம் அல்ல. கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும், அன்றே, இரவானாலும், போயாக வேண்டும்.